பொட்டு வைக்க ஓர் இடம்

போன மாதம் கவிதாவிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அளவு பார்க்கும் அறைக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. படத்தில் ஓர் இரும்புக் கட்டை. அதன் ஒரு முகத்தில், ஐந்து காசைவிடச் சின்னதாக ஒரு வட்டம் செதுக்கியிருந்தது. கீழே அவள் குரல் பதிவு.

"புஷ்பாக்கா, நல்லா இருக்கீங்களா? அடுத்த வாரம் ஆடிட் வருது லா. பழைய டூல்ஸ் எல்லாத்துலயும் இந்த ரவுண்டு இருக்கு. டிராயிங்லயும் போட்டு, இதை அழிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. ஆடிட்டர் கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அந்த வட்டம் வந்ததே என்னால்தான். குரல் பதிவிலேயே பதில் சொல்லப் பார்த்தேன். நான்கு தடவை தொடங்கி நான்கு தடவையும் பாதியில் சிரித்துவிட்டேன். ஆடிட்டருக்கு மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, மிச்சத்தை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

பினாங்கில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் உள்ள ஃபிளாட்டில் ஏழாவது மாடி என் வீடு. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் முப்பத்திரண்டு வருடம், விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் ஏறி, பாலம் கடந்து, ஜுருவில் இறங்கினேன். எங்கள் பட்டறையில் பிளாஸ்டிக் சாமான் செய்யவில்லை. பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கிற இரும்பு அச்சுகளைச் செய்தோம். இட்லித் தட்டு மாதிரி என்று என் அம்மாவுக்கு விளக்கினேன். "இட்லித் தட்டு செய்யவா ரெண்டு வருசம் படிச்ச?" என்று கேட்டார்.

அந்த இரண்டு வருடத் தொழிற்பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவி மட்டமாக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் ராவினேன். துண்டு பாதியானது, மட்டமாகவில்லை. கடைசியில் பக்கத்து மேசைப் பையனின் அரத்தை இரவல் வாங்கினேன். நல்ல அரம். பல் கூராக, கைப்பிடி இறுக்கமாக இருந்தது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மூன்று வாரமாக என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேனே, திட்டு வாங்க வேண்டியது அந்த மொட்டை அரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை. போன தீபாவளிக்கு என் மருமகன் ஐந்து வெள்ளிக்கு ஆறு ஸ்க்ரூடிரைவர் என்று ஒரு கட்டு வாங்கி வந்தார். கதவுக் கீலில் ஒன்றைப் போட்டு ஒரு திருப்புத் திருப்பினேன். திருகாணி அசையவில்லை, ஸ்க்ரூடிரைவரின் முனை முறுக்கிக்கொண்டது. நல்ல மனிதர் என்பதால் அவர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு ஆறையும் குப்பையில் போட்டேன்.

பட்டறையில் என் மேலாளர் மிஸ்டர் தியோ. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கடைவீதியில் பிறந்து வளர்ந்த சீனர். தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தமிழ் கற்றவர். அதனால் அவருக்குத் தெரிந்த தமிழில் நீ, வா, போ மட்டும்தான் உண்டு. என்னைப் 'புள்ள' என்பார். தொழிற்சாலைக்கு வந்த கோயில் தலைவரைக்கூட "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு எங்களைத் தலை குனிய வைத்திருக்கிறார். ஒருநாளும் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் இரண்டு தடவை துடைப்பார். அவரிடம் 'கொஞ்சம்' என்ற சொல்லை மட்டும் உபயோகிக்கக் கூடாது. "கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு பாஸ்" என்றால், "கொஞ்சம்னா எத்தனை?" என்பார். எண் சொல்லும்வரை விட மாட்டார்.

வேலை கேட்டுப் போன நாளில் அவர் என் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தீப்பெட்டி அளவில் பளபளவென்று மெருகேற்றிய எஃகுத் துண்டு ஒன்றைக் கொடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து அதை இடுக்கியால் வாங்கி, என் பெயர் எழுதிய தாளின்மேல் வைத்து, சன்னல் ஓரத்தில் விட்டார். "நாளைக்கு வா" என்றார். மறுநாள் துண்டு அப்படியே மின்னியது. "துரு இல்ல. உன் கை நல்ல கை" என்றார்.

சிலருடைய வியர்வை பட்டால் எஃகு துருப்பிடித்துவிடும். அதுவும் பினாங்கு ஈரக்காற்றில் ஒரு ராத்திரி போதும். உடம்பு வாகு அது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் பட்டறையில் அப்படி ஒருவர் இருந்தார். சேகர் அண்ணன். அவர் பிடித்துப் பார்த்த துண்டைத் தியோ மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார். உள்ளங்கை ரேகை அத்தனையும் காப்பி நிறத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். "போலீசுக்குக்கூட இவ்வளவு சுத்தமா கிடைக்காது" என்று வருகிறவர்களுக்குக் காட்டுவார். சேகர் அண்ணன் வீட்டு இரும்புக் கேட்டில் அவர் கை வைத்துத் தள்ளுகிற இடம் மட்டும் துருவாக இருக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவரை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்று கேட்கலாம். சேகர் அண்ணனுக்குக் காது அப்படி. அவர் ஓட்டியது சாணைச் சக்கர மெஷின். அச்சுத் துண்டைக் காந்த மேடையில் வைத்து, மேலே சுற்றுகிற சக்கரத்தை இறக்கி, மெல்ல மெல்லத் தேய்த்து மட்டமாக்குவது. மற்றவர்கள் பொறி பறப்பதைப் பார்த்துத்தான் சக்கரம் தொட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். சேகர் அண்ணன் அதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார். சக்கரம் சுற்றும்போது கையுறை போடக்கூடாது, மாட்டினால் கையை இழுத்துக்கொண்டு போய்விடும். இரும்பைத் தொடும்போதோ அவர் கையுறை போட்டே ஆக வேண்டும். ஆகவே சக்கரத்தை நிறுத்தி, வெள்ளைப் பருத்திக் கையுறையைப் போட்டு, துண்டை வைத்து, கையுறையைக் கழற்றி, மறுபடி சக்கரத்தை ஓட்டுவார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. மற்றவர்கள்தான் 'மாப்பிள்ளை கையுறை போட்டுட்டார்' என்று கிண்டல் செய்வார்கள்.

அவர் தேய்த்து அனுப்புவதை அளப்பது என் வேலை. அளவுக் கருவிகளைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் சாப்பாட்டை மறந்துவிடுவேன். மைக்ரோமீட்டரின் பின்பக்கத் திருகைத் திருப்பினால், சாமானைத் தொட்டதும் அதற்குமேல் இறுகாமல் டிக் டிக் என்று வழுக்கும். நம் கை முரடா மென்மையா என்று அதற்குக் கவலையில்லை, யார் பிடித்தாலும் ஒரே அழுத்தம். "மூணு டிக் போதும். நாலாவது டிக் கேக்கிறவன் டூலை நம்பல" என்பார் தியோ. அளவுக் கட்டைகள் என்று ஒரு பெட்டி இருந்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மழமழப்பு. இரண்டு கட்டைகளைக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தித் திருகினால் ஒட்டிக்கொள்ளும். பசை கிடையாது, காந்தம் கிடையாது. அத்தனை மட்டமாக இருப்பதால் ஒன்றை ஒன்று விடாது. முதல் தடவை தியோ செய்து காட்டியபோது, மேல் கட்டையைப் பிடித்துத் தூக்கினேன், கீழ்க் கட்டையும் கூடவே வந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்றைக்கு முழுவதும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். தியோ பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரிப் போனார்.

நான் சேர்ந்து ஐந்தாவது மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். பட்டறைக்குள் அதற்கு முன் எந்தப் பெண்ணையும் எடுத்ததில்லை. பெரிய மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது.

பட்டறையில் தமிழர்கள் ஒன்பது பேர். வருடா வருடம் அரை மணி நேரம் அனுமதி வாங்கி, மெஷின்களுக்கு மாலை போட்டு, பொங்கலும் கடலைச் சுண்டலும் வைத்துக் கும்பிடுவார்கள். சுண்டலுக்காகவே மற்ற பிரிவுக்காரர்களும் வந்துவிடுவார்கள், தியோவுக்கு இரண்டு கிண்ணம். "இந்த வருசம் பொம்பள இருக்கு, புஷ்பாவே பொட்டு வைக்கட்டும்" என்று முடிவு செய்தார்கள். சேகர் அண்ணன் வழக்கம்போல ஒதுங்கிக் கைகட்டி நின்றார். பூஜையன்று கையுறை போட்டுக்கொண்டு பொட்டு வைக்க முடியாது, வெறும் கையால் தொட்டால் துரு. அதனால் அவர் ஒருநாளும் எதற்கும் பொட்டு வைத்ததில்லை. "எனக்கும் சேர்த்து நீயே வைம்மா" என்றார்.

நான் வைத்தேன். என்னென்ன உண்டோ அத்தனைக்கும் வைத்தேன். மைக்ரோமீட்டர் பெட்டி, சாணை மெஷின், துளையிடும் மெஷின், சுத்தியல், அரம், ஸ்பானர். அளவுக் கட்டைகளைத் தொடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. பெட்டிக்கு மட்டும் வைத்தேன். பிறகு சதுரக் கட்டை. ஆறு முகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் தேய்த்த கனமான எஃகுக் கட்டை அது. அச்சுத் துண்டுகளை அதில் இறுக்கிப் பிடித்துத்தான் சாணை மெஷினில் ஏற்றுவார்கள். அதன் ஒரு முகத்தில் எண் வெட்டியிருந்தது. எண் வெட்டிய பக்கத்தை வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எண்ணை மறைக்கக் கூடாதென்று மூலையில், அழகாக, சந்தனத்தை வைத்து மேலே குங்குமம் இட்டேன்.

மறுநாள் லீவு. அடுத்த நாள் வேலை தொடங்கும்போது ஒருவர் துணியும் எண்ணெயுமாக வந்தார். "சாமிக்கு வச்ச பொட்டை அழிக்காதீங்க அண்ணே, தானா உதிரட்டும்" என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். அவரும் கையால் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் ஓர் அவசர வேலை. ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுகிற குழாய்க்கு ஒரு சின்ன மூடி, அதற்கான அச்சு. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். அச்சின் உள்ளே உட்கார வேண்டிய நான்கு துண்டுகளையும் சேகர் அண்ணன் சதுரக் கட்டையில் இறுக்கித் தேய்த்தார். கட்டையோடு அப்படியே என்னிடம் கொண்டுவந்தார். இரும்பு மட்டத் தட்டின்மேல் வைத்து, டயல் கருவியின் முனையை மேலே ஓட்டிப் பார்த்தேன். மேடு பள்ளம் காட்டும் முள் அசையவில்லை. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் துண்டுகளைக் கழற்றி அச்சில் பொருத்தினார்.

முதல் மூடி வெளியே வந்தது. அதன் ஒரு பக்கம், ரவா தோசையின் ஓரம் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் ஜவ்வு நீட்டிக்கொண்டிருந்தது. அச்சு சரியாக மூடவில்லை, இடுக்கில் பிளாஸ்டிக் கசிகிறது என்று அர்த்தம். தியோ துண்டுகளைக் கழற்றி, நேராக மட்டத் தட்டில் வைத்து அவரே அளந்தார். நான்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பதினைந்து மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் பதினைந்து. தலைமுடியை நீளவாக்கில் நான்காகக் கிழித்தால் ஒரு கிழிசல் அவ்வளவு இருக்கும். எங்கள் தொழிலில் அது பெரிய பள்ளம்.

நான் அளந்தபோது சரி. தியோ அளந்தபோது தப்பு. இடையில் துண்டுகளைத் தொட்டவர் சேகர் அண்ணன் ஒருவர்தான்.

பெரிய மேனேஜர் மத்தியானமே வந்துவிட்டார். யார் என்ன சொன்னார்களோ, அவர் மனதில் ஒரு கதை தயாராக இருந்தது. சேகர் கையுறை இல்லாமல் தொட்டிருக்கிறார், துரு ஏறியிருக்கிறது, யாருக்கும் தெரியாமல் உப்புத்தாள் போட்டு அந்தப் பக்கத்தைத் தேய்த்திருக்கிறார் என்று. கேட்கிறவர்களுக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது. அவரைத் திங்கட்கிழமை முதல் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடச் சொன்னார். அட்டைப் பெட்டி துருப்பிடிக்காது என்று ஒரு சிரிப்பு வேறு.

சேகர் அண்ணன் சண்டை போடவில்லை. என் மேசைக்கு வந்தார். கையில் அந்த வெள்ளைக் கையுறை கசங்கிக் கிடந்தது.

"புஷ்பா, தண்ணிமலை முருகன் சத்தியமா நான் வெறுங்கையால தொடல. நீயாவது நம்புறியா?"

"நம்புறேண்ணே" என்றேன். உண்மையில் எனக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. என் கையெழுத்து பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை எல்லோரும் பசியாறப் போனபோது நான் போகவில்லை. அவர் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த நான்கு துண்டுகளையும் எடுத்து, முதலில் இருந்த மாதிரியே சதுரக் கட்டையில் இறுக்கினேன். அளந்தேன். முள் அசையவில்லை. சரி! கழற்றி நேராகத் தட்டில் வைத்தேன். பதினைந்து. தப்பு! மறுபடி இறுக்கினேன், சரி. கழற்றினேன், தப்பு. யாரும் உப்புத்தாள் போடவில்லை. துண்டு நேற்றும் இன்றும் ஒன்றுதான். அப்படியானால் பொய் சொல்வது கட்டை.

கட்டையைப் புரட்டினேன். எண் வெட்டிய முகம் மேலே வந்தது. டயலின் முனையை ஓட்டினேன். நடுவில் அமைதியாக வந்த முள், மூலைக்குப் போனதும் துள்ளியது. குனிந்து பார்த்தேன். மங்கலாக, மஞ்சளாக, நசுங்கி இறுகிய ஒரு படலம். பார்வைக்குக் கறை மாதிரி. மூக்கை அருகில் கொண்டுபோனேன்.

சந்தனம்.

நான் வைத்த பொட்டின்மேல் கட்டை ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே சேகர் அண்ணன் தேய்த்திருக்கிறார். சாய்ந்தபடியே நானும் அளந்திருக்கிறேன். அதனால்தான் எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

மேசைமேல் ஸ்பிரிட்டில் நனைத்த துணி இருந்தது. ஒரு துடைப்பு. அவ்வளவுதான், உலகத்தில் யாருக்கும் தெரியாது. என் ஆறு மாதம் முடிய இருபது நாள்தான் பாக்கி. துணியைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, துணி காய்ந்துவிட்டது. வெளியே, தோசைக் கடைப் பக்கம் போகாமல், சேகர் அண்ணன் தன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேக்கிங்குக்குப் போகப் போகிறவர், கையுறை போட்டுக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்து வருகிறவனுக்கு மெஷின் சுத்தமாக இருக்கட்டுமாம்.

துணியை வைத்துவிட்டு, கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தியோவின் மேசைக்குப் போனேன்.

"பாஸ், தப்பு சேகரண்ணன்து இல்ல. நான் வச்ச பொட்டு."

தியோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டையை வாங்கி மட்டத் தட்டில் வைத்து, டயலை எடுத்து, ஒரு டாக்டர் மாதிரி நிதானமாக என் பொட்டை அளந்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்.

"பதினெட்டு" என்றார். கட்டையைவிடச் சின்னத் துண்டில் அது பதினைந்தாக விழுந்திருக்கிறது. "எல்லாப் பக்கமும் பதினெட்டு. கை நல்ல கைதான், புள்ள."

நான் அழுதுவிட்டேன். அவர் கைக்குட்டையை நீட்டவில்லை. வேறு எங்கெங்கே வைத்தாய், எழுதிக் கொடு என்று ஒரு தாளை நீட்டினார்.

மேனேஜர் அறையில் அவர் எதையும் மறைக்கவில்லை. மேனேஜர் என்னை வெளியே அனுப்பவும், பூஜையையே நிறுத்தவும் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் சேகர் அண்ணனும் நின்றிருந்தோம். தியோ ஆங்கிலத்தில் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அந்தப் பெண் துடைத்துவிட்டிருந்தால் நாம் ஒரு நல்ல சாணைக்காரனை இழந்து, அளவு பார்க்க ஒரு பொய்க்காரியை வைத்துக்கொண்டிருப்போம், எது வேண்டும் உனக்கு என்றார். மேனேஜரையும் அவர் 'உனக்கு' என்றுதான் சொல்லியிருப்பார், ஆங்கிலத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

சேகர் அண்ணன் பேக்கிங்குக்குப் போகவில்லை. என் நிரந்தர வேலை மூன்று மாதம் தள்ளிப்போனது. அதுபோக, பட்டறையில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஸ்பிரிட்டில் துடைத்துத் திரும்ப அளக்க வேண்டும். சேகர் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், நான் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் ஒரு ஜோடி புதுக் கையுறை வந்து விழுந்தது.

"போட்டுக்க. என் கையில துரு, உன் கையில சந்தனம். ரெண்டு பேரையும் நம்ப முடியாது."

நான்கு துண்டுகளையும் புதிதாகச் செய்தோம். அவர் தேய்க்க நான் கூடவே நின்றேன். காந்த மேடையைத் துடைத்து, கட்டையை வைத்து, அவர் சக்கரத்தை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மெஷினின் இரைச்சல் மட்டும் கேட்டது. "தொட்டுடுச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் முதல் பொறி பறந்தது. நல்ல மெஷின், அதை அறிந்த ஆள், சுத்தமான கட்டை, மூன்றும் சேர்ந்தபோது வேலை தானாக நடக்கிற மாதிரி இருந்தது. கட்டையோடு ஒரு தடவையும் கட்டை இல்லாமல் ஒரு தடவையும் அளந்தேன். முள் இரண்டு தடவையும் தூங்கியது. அன்றைக்கு வந்த மூடியைச் சேகர் அண்ணன் நகத்தால் தடவிப் பார்த்துச் சிரித்தார். அந்த மூடி ஒன்று இன்னும் என் தையல் டப்பாவில் கிடக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு, தியோ செதுக்கும் பேனாவோடு பட்டறையைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் எதையாவது தொடுமா?" என்று கேட்பார். எதையும் தொடாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு சின்ன வட்டம் செதுக்குவார். சதுரக் கட்டையின் ஆறு முகமும் வேலைக்கு வேண்டும் என்பதால் எங்கேயும் இடமில்லை. அரை நாள் யோசித்துவிட்டு, எண் வெட்டியிருந்த இடத்தில் சாணை பிடித்து ஒரு சின்னக் குழியை உண்டாக்கி, குழிக்குள் வட்டம் போட்டார். வரைபடத்திலும் ஏற்றினார். வேலை விதிகளில் ஒரு வரி சேர்த்தார்: 'வட்டத்துக்கு வெளியே எதுவும் பூசக் கூடாது.' பூஜையன்று என்னிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "போ புள்ள, ரவுண்டுக்குள்ள வை" என்றார். இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார்.

கவிதாவுக்கு நான் அனுப்பிய ஒரு வரி இதுதான்: 'இது எதையும் தொடாத இடம் என்பதற்கு அடையாளம்.' ஆடிட்டர் அதைப் படித்துவிட்டு, நல்ல பழக்கம் என்று பாராட்டி எழுதினாராம்.

பிறகு அவளிடம் முழுக் கதையையும் போனில் சொன்னேன். கேட்டுச் சிரித்துவிட்டு, "அக்கா, அப்போ புது மெஷினுக்கு எங்க வைக்கிறது? அதுல ரவுண்டு இல்லையே. பூஜைக்கு வந்துடுங்க. சேகர் அங்கிளையும் கூட்டிட்டு வாங்க லா" என்றாள்.

போன வாரம் போனோம். சேகர் அண்ணன் நிபோங் திபாலிலிருந்து தன் கெரேத்தாவை, அதாவது காரை, ஓட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயது. சட்டைப் பையில் வெள்ளைக் கையுறை எட்டிப் பார்த்தது. பழைய மட்டத் தட்டு இருந்த இடத்தில் புது அளவு மெஷின். தொட்டுப் பார்க்க ஒரு சின்னச் சிவப்புக் கல் முனை, கம்ப்யூட்டரில் எண்கள். கவிதா ஓட்டிக் காட்டினாள். முனை ஒரு துண்டை அப்படி மெதுவாக வந்து தொட்டது, குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு நல்ல கருவி. மெஷினை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டச் சொல்லிக் கால் மணி நேரம் சுற்றி வந்து பார்த்தேன். முன்பக்க மேடையின் கீழ்ப்பக்கம், எதுவும் வராது. "இங்க" என்றேன். கவிதா பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

சந்தனக் கிண்ணம் வழக்கம்போல என்னிடம் வந்தது. சேகர் அண்ணன் வழக்கம்போல ஒதுங்கிக் கைகட்டி நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையைத் தட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, இது இரும்பு இல்ல. முழுக்கக் கருங்கல்லு."

"அதுக்கென்னா?"

"கல்லுக்கு ஏதுண்ணே துரு?"

அவர் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கிண்ணத்தை நீட்டினேன். விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சந்தனத்தைத் தொட்டு, வட்டத்துக்குள் வைத்தார். பிறகு உள்ளங்கை முழுவதையும் அந்தக் கல்லின்மேல் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

கவிதா படம் எடுத்து, மகனோடு பெர்த்தில் இருக்கும் தியோவுக்கு அனுப்பினாள். அவருக்கு எண்பத்து நான்கு வயது. பொங்கல் பரிமாறி முடிவதற்குள் குரல் பதிவு வந்துவிட்டது, கவிதா போனை என்னிடம் கொடுத்தாள்.

"எத்தனை மைக்ரான், புள்ள?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், சேகர் அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பாஸ், புஷ்பா வச்சது இல்ல இது. நான் வச்சது. குளோவ் இல்லாம."